சீனப் பல்கலைக்கழக மாணவர்களை ஆங்கிலத்தில் பேச வைப்பது எப்படி?

சீனப் பல்கலைக்கழகங்களின் வகுப்பறைகள் பலவற்றில் மேசைகளும் மடக்கு இருக்கைகளும் வரிசை வரிசையாகத் தரையோடு திருகி இறுக்கப்பட்டிருக்கும். மாணவர்களை வட்டமாக உட்கார வைத்துப் பேச விடலாம் என்று நினைத்து உள்ளே நுழையும் ஆசிரியர், அந்த இருக்கைகளைப் பார்த்ததுமே தம் திட்டத்தில் பாதியைக் கைவிட வேண்டியிருக்கும். வாய்மொழி ஆங்கில வகுப்பு ஒன்றில் பொதுவாக 30 முதல் 40 பேர் இருப்பார்கள். வாரத்துக்கு ஒரு முறை, 45 நிமிடப் பாடவேளைகள் இரண்டைச் சேர்த்து நடத்துவார்கள். ஒரு பருவம் ஏறக்குறைய 16 வாரங்கள். ஒவ்வொருவராக எழுந்து பேசட்டும் என்று விட்டால், ஆசிரியர் வாயே திறக்காமல் இருந்தாலும், ஒரு மாணவருக்கு வாரத்துக்கு இரண்டரை நிமிடம்தான் கிடைக்கும். உரையாடல் பழகுவதற்கு அது போதாது. எல்லோரும் ஒரே நேரத்தில் இருவர் இருவராகப் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை. அதனால் எழும் இரைச்சலைத் தாங்கிக்கொள்ள ஆசிரியர் முதலில் பழக வேண்டும்.

இந்த மாணவர்கள் ஆங்கிலத்துக்குப் புதியவர்கள் அல்லர். 2001ஆம் ஆண்டின் கொள்கை முடிவுக்குப் பிறகு சீனப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் தொடங்கிவிடுகிறது. ஜூன் 7 அன்று தொடங்கும் காவ்காவ் என்னும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில், பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 மதிப்பெண்களில் 150 ஆங்கிலத்துக்கு உரியவை. பல்கலைக்கழகத்துக்குள் வந்த பிறகும் சிஇடி-4, சிஇடி-6 என்னும் கல்லூரி ஆங்கிலத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் காத்திருக்கின்றன. அவற்றில் 710க்கு 425 எடுத்தால் தேறியதாகக் கருதுவது வழக்கம். இவ்வளவு தேர்வுகளிலும் வாய் திறந்து பேச வேண்டிய கட்டாயம் பெரும்பாலோருக்கு வருவதேயில்லை. சிஇடியின் பேச்சுத் தேர்வு தனியாக, விரும்புவோர் எழுதுவதாக இருக்கிறது. சீனர்களே இதன் விளைவுக்கு ‘யாபா யிங்யூ’, அதாவது ஊமை ஆங்கிலம், என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகவே ஆறாயிரம் சொற்களை மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு மாணவி, நேற்றிரவு விடுதியில் என்ன நடந்தது என்று கேட்டால் திகைத்து நிற்பதைக் கண்டு அவருக்கு மொழி தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அவரிடம் இல்லாதது, பேசுவதற்கான காரணம். எதிரில் இருப்பவருக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருக்கிறது, அதை அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்ற நிலை உருவானால்தான் பேச்சு பிறக்கும். பாடநூலில் உள்ள ‘உன் பொழுதுபோக்கு என்ன?’ என்ற கேள்விக்கு நாற்பது பேரும் இசை கேட்பது, படம் பார்ப்பது என்று ஒரே விடையைத் தருவதற்குக் காரணம் சோம்பல் அன்று. அந்தக் கேள்வியை யாரும் கேட்க விரும்பிக் கேட்கவில்லை என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். சீனாவில் ஆங்கிலம் கற்பிக்கப் போகும் தமிழ் ஆசிரியருக்கான இந்தக் கையேட்டில் சொல்லப்படும் பயிற்சிகள் யாவும் அந்த ஒரு குறையைத் தீர்ப்பதற்கானவை.

முதல் வகுப்பு

முதலாண்டு மாணவர்கள் இராணுவப் பயிற்சி முடித்துவிட்டு வருவதால், செப்டம்பரில் மற்ற ஆண்டினரைவிடத் தாமதமாகத்தான் அவர்களுடைய பாடங்கள் தொடங்கும். அவர்கள் ‘பான்’ என்று அழைக்கப்படும் ஒரு குழுவாகச் சேர்க்கப்பட்டு, பெரும்பாலும் நான்காண்டுகளும் அதே குழுவாகவே படிப்பார்கள். நான்கு முதல் எட்டுப் பேர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு வாழ்வார்கள். ‘பான்ஜாங்’ என்னும் வகுப்புத் தலைவர் வெறும் பெயருக்கு இருப்பவர் அல்லர். அறை மாற்றம், அச்சுப் பிரதி, வீசாட் என்னும் கைபேசிச் செயலியில் வகுப்புக்கான குழு என எதுவானாலும் அவர் வழியாகப் போனால் ஒரு மணி நேரத்தில் முடியும். அவரைத் தாண்டிச் செய்ய முயன்றால் ஒரு வாரம் ஆகும்.

பெயர்களைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்வது முதல் வாரத்தின் முதல் வேலை. இதில் தமிழருக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. ரோமன் எழுத்தில் இசட், எச் சேர்ந்து வந்தால் ழகரம் என்று படித்துப் பழகிய நமக்கு, ஜாங் என்ற குடும்பப் பெயரைப் பட்டியலில் பார்த்ததும் ‘ழாங்’ என்று நாக்கு புரளும். அங்கே அந்த இரண்டு எழுத்துகளும் நாக்கை மேலே மடித்துச் சொல்லும் ஜகரத்தைப் போன்ற ஒலியைக் குறிப்பவை. நம் ழகரத்துக்கு மிக நெருங்கிய ஒலி சீனத்திலும் உண்டு, ஆனால் அதை அவர்கள் ஆர் என்ற எழுத்தால் எழுதுகிறார்கள். மற்ற வெளிநாட்டவர் திணறும் அந்த ஒலி நமக்குச் சும்மா வரும் என்பதைத் தயங்காமல் காட்டிக்கொள்ளலாம்; ஆசிரியரும் ஒரு மொழியைக் கற்பவர்தான் என்பது மாணவருக்கு அப்போது புரிகிறது. குடும்பப் பெயர் முன்னால் வரும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒவ்வொருவரையும் தம் பெயரைத் தாமே ஒலிப்பதிவு செய்து வீசாட்டில் அனுப்பச் சொல்லி, வகுப்புக்கு நடந்து போகும்போது கேட்டுக்கொண்டே போனால் மூன்று வாரங்களில் நாற்பது பெயர்களும் பழகிவிடும். மாணவர்கள் ஆங்கிலப் பெயர் ஒன்றையும் வைத்திருப்பார்கள். ஆப்பிள், ஸ்கை, செவன் என்றெல்லாம் இருப்பதைக் கேட்டுச் சிரித்துவிடாமல், அந்தப் பெயரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று பக்கத்தில் இருப்பவரை விசாரிக்கச் சொன்னால், அதுவே பருவத்தின் முதல் உண்மையான உரையாடலாக அமையும்.

அவர்கள் உங்களை ‘டீச்சர்’ என்றே அழைப்பார்கள். ‘லாவ்ஷி’ என்று தம் மொழியில் அழைக்கும் பழக்கத்தின் நேர்பெயர்ப்பு அது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கு இது விநோதமாகப் படும். நமக்குப் படாது.

மௌனத்தைக் கையாளுவது

‘யாராவது சொல்லுங்கள்’ என்று பொதுவாக ஒரு கேள்வியை வீசிவிட்டுக் காத்திருந்தால், விடை தெரிந்த இருபது பேர் இருந்தும் ஒருவரும் எழ மாட்டார். தவறாகச் சொன்னால் முகம் போய்விடும் என்பது ஒரு காரணம். ‘மியான்சி’ என்று அவர்கள் சொல்லும் அந்த முகம் நாம் சொல்லும் மானம், மதிப்பு ஆகிய இரண்டுக்கும் இடைப்பட்டது. சரியாகச் சொன்னாலும் முந்திக்கொண்டு தன்னைக் காட்டிக்கொள்கிறவன் என்று தோழர்கள் நினைப்பார்களே என்பது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தைப் பல ஆசிரியர்கள் கவனிப்பதில்லை. அதனால்தான் தைரியமூட்டும் பேச்சுகளால் பெரிய பயன் விளைவதில்லை.

மாற்று எளிமையானது. கேள்வியைக் கேட்டவுடன் இரண்டு நிமிடம் தாளில் குறிப்பெழுதச் சொல்லுங்கள். பின்பு பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொல்லுங்கள். அதன் பின்பு, ‘உங்கள் தோழி என்ன சொன்னார்?’ என்று கேளுங்கள். தன் கருத்தைச் சொல்லும்போது இருக்கும் கூச்சம், அடுத்தவர் கருத்தைச் சொல்லும்போது இருப்பதில்லை. தவறு நேர்ந்தாலும் அது முழுவதும் அவருடைய தவறாக இருப்பதில்லை. ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்தே ஆக வேண்டுமென்றால், சீட்டுக் குலுக்கி எடுங்கள். சீட்டு அழைத்தால் முந்திக்கொண்டவர் என்ற பழி யாருக்கும் வராது.

குறிப்பெழுதுவதற்கு ஓர் எல்லை வேண்டும். முழு வாக்கியமாக எழுத அனுமதித்தால் அதை மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். அதில் அவர்களுக்கு இருக்கும் பயிற்சி நம்மை வியக்க வைக்கும். உள்ளங்கை அளவு அட்டையில் ஐந்து சொற்கள், அவ்வளவுதான். கைபேசி மொழிபெயர்ப்பியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் சொல்லைத் தேடுவதற்கு மட்டும். வாக்கியத்தைத் தேடுவதற்கு இல்லை.

இறுக்கிய இருக்கைகளில் ஓர் உரையாடல் வகுப்பு

ஒற்றைப்படை வரிசையில் உள்ளவர்களை எழுந்து பின்பக்கம் திரும்பி நிற்கச் சொன்னால், இரட்டைப்படை வரிசையில் உள்ளவர்கள் அவர்களுக்கு எதிரே அமைந்துவிடுவார்கள். நிற்பவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடம் வலப்பக்கம் நகர, கடைசியில் நிற்பவர் வரிசையின் தொடக்கத்துக்கு வந்துவிடுவார். திருகி இறுக்கிய மேசைகளை அசைக்காமலேயே ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவரும் ஐந்தாறு பேரோடு பேச இந்த ஏற்பாடு போதும்.

இதில் நான் மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் பயிற்சி நான்கு, மூன்று, இரண்டு என்பது. ஒரு மாணவர் ஒரு செய்தியை முதல் கூட்டாளியிடம் நான்கு நிமிடம் சொல்கிறார். அதே செய்தியை அடுத்தவரிடம் மூன்று நிமிடத்தில் சொல்கிறார். மூன்றாமவரிடம் இரண்டே நிமிடம். கேட்பவர் ஒவ்வொரு முறையும் புதியவர் என்பதால் சொல்பவருக்கு அலுப்பதில்லை. நேரம் குறையக் குறைய, தேடித் தேடிச் சொன்ன சொற்கள் ஓடி வரத் தொடங்கும். முதல் சுற்றில் தடுமாறியவர் மூன்றாம் சுற்றில் கையை ஆட்டிக்கொண்டு பேசுவதைக் கண்ணாரக் காணலாம். கேட்பவருக்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டும்: முடிந்ததும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும், அவற்றுள் ஒன்று ‘ஏன்’ என்று தொடங்க வேண்டும்.

சொல்லும் செய்தி எதுவாக இருக்க வேண்டும்? மாணவர் மட்டுமே அறிந்ததாக இருக்க வேண்டும். விளக்கை அணைத்த பிறகு விடுதி அறையில் என்ன பேசுவீர்கள், காவ்காவ் எழுதிய அன்று காலை வீட்டில் யார் யார் என்ன செய்தார்கள், பாட்டியிடமிருந்து கற்ற ஒரு காரியம் எது போன்றவை தவறாமல் பலன் தருகின்றன. இன்றைய இளைஞர்களிடையே புழங்கும் சொற்களை ஆங்கிலத்தில் விளக்கச் சொல்வதும் நல்ல பயிற்சி. ஆளுக்கு ஆள் போட்டி போட்டு உழைப்பு கூடியும் யாருக்கும் மிச்சம் ஒன்றும் இல்லாமல் போகும் நிலைக்கு ‘நெய்ஜுவான்’ என்று பெயர். அந்தப் போட்டியே வேண்டாம் என்று படுத்துவிடுவதற்கு ‘தாங்பிங்’ என்று பெயர். இவற்றுக்கு நேரான ஆங்கிலச் சொல் இல்லை. அகராதி கைவிடும் அந்த இடத்தில் மாணவர்கள் உதாரணம் சொல்லத் தொடங்குகிறார்கள், கதை சொல்கிறார்கள், ஒருவரை ஒருவர் மறுக்கிறார்கள். ஆசிரியர் ஓரமாக நின்றால் போதும்.

ஒலியும் இலக்கணமும்

பேச்சின் நடுவே திருத்துவதைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும். சுற்றி வரும்போது காதில் விழும் பிழைகளை ஒரு தாளில் குறித்து வைத்து, கடைசிப் பத்து நிமிடத்தில், யார் சொன்னது என்று குறிப்பிடாமல் ஐந்தாறு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, வகுப்பையே திருத்தச் சொல்லலாம். அவர்களுடைய இலக்கண அறிவு அப்போதுதான் பயன்படும்.

பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்று அறிந்திருப்பது ஆசிரியருக்குப் பொறுமையைத் தரும். சீனத்தில் அவன், அவள், அது மூன்றுக்கும் பேச்சில் ‘தா’ என்ற ஒரே ஒலிதான். எழுத்தில் பெண்பாலுக்குத் தனி வடிவம் புழக்கத்துக்கு வந்ததே 1920ஆம் ஆண்டையொட்டித்தான். ஆகவே தன் தாயைப் பற்றிப் பேசும் மாணவர் நடுவில் ‘ஹி’ என்று சொல்வது அறியாமையால் அன்று. வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறுவதில்லை என்பதால் நேற்று நடந்ததையும் நிகழ்காலத்தில் சொல்வார்கள். ‘ஐ வெரி லைக்’ என்பதும், ‘ஆல்தோ’ என்று தொடங்கிய வாக்கியத்தில் ‘பட்’ என்றும் சேர்ப்பதும் சீன வாக்கிய அமைப்பின் நிழல்கள். விளையாடுவதற்கும் சும்மா சேர்ந்து பொழுது போக்குவதற்கும் ஒரே சொல் இருப்பதால், இருபது வயது இளைஞர் நேற்று நண்பனோடு ‘பிளே’ பண்ணினேன் என்பார்.

சில இடங்களில் நாமும் அவர்களும் ஒரே படகில் இருக்கிறோம். ‘நீ சாப்பிடவில்லையா?’ என்று கேட்டால் ‘ஆமாம், சாப்பிடவில்லை’ என்பது தமிழிலும் சீனத்திலும் சரி. ஆங்கிலத்தில் அங்கே ‘நோ’ வர வேண்டும். மருந்தைச் சாப்பிடுகிறோம் என்பதும் இரு மொழிக்கும் பொது. இவற்றைக் கற்பிக்கும்போது, நானும் இதே இடத்தில் இடறியவன்தான் என்று ஆசிரியர் சொல்ல முடிவது பெரிய வசதி.

ஒலிகளில் கவனிக்க வேண்டியவை சில. பொதுச் சீனத்தில் அசைகள் உயிரிலோ, ன், ங் ஆகிய மூக்கொலிகளிலோ முடியும், சில இடங்களில் ஆர் ஒலியும் வரும். ஆகவே ட், க், ப் என்று முடியும் ஆங்கிலச் சொற்களின் கடைசி மெய் காணாமல் போகும், அல்லது அதன் பின்னால் ஓர் உயிர் ஒட்டிக்கொள்ளும். சிச்சுவான், ஹூனான் பகுதிகளிலிருந்து வருபவர்களில் பலருக்கு ந ஒலியும் ல ஒலியும் ஒன்றோடொன்று மாறும். இவற்றுக்கெல்லாம் ஒரு பருவத்தில் தீர்வு கிடைக்காது. கேட்பவருக்குப் பொருள் மாறிப் புரியும் இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

ஆனால் ஆசிரியரே திருத்திக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. சீன மொழியில் பகரத்தை மூச்சுக்காற்றோடு சொல்வதா, காற்றின்றிச் சொல்வதா என்பதே வேறுபாடு. நாமோ ஆங்கிலச் சொற்களின் முதலில் வரும் ப, ட, க ஆகியவற்றைக் காற்றின்றியே சொல்லிப் பழகியவர்கள். நாம் பேனாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் சொன்னால் அவர்கள் காதில் அது பென் என்ற ஓர் ஆளின் பெயராக விழுகிறது. வாய்க்கு நான்கு விரற்கடை தூரத்தில் மெல்லிய தாள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். தாள் ஆடினால் சரி. மாணவர்களோ அதை முதல் முயற்சியிலேயே ஆட வைப்பார்கள். வகுப்பின் முன்னால் இந்தப் போட்டியை வைத்து நான் தோற்றுப்போன நாளில், அதுவரை வாய் திறக்காத கடைசி வரிசையினர் எழுந்து வந்து எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அமெரிக்க உச்சரிப்பு வேண்டும் என்று எதிர்பார்க்கும் மாணவர்களும் இருப்பார்கள். அவர்கள் வேலைக்குப் போன பின் ஆங்கிலத்தில் பேச வேண்டியவர்களில் பலர் வியட்நாமியரும் கென்யரும் இந்தியருமாகவே இருப்பார்கள் என்பதை அமைதியாக எடுத்துச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பண்பாட்டைப் பாடமாக்குவது

பண்பாட்டுப் புரிதல் என்றவுடன் மேலை நாட்டுப் பண்டிகைகளைப் பட்டியலிட்டுக் காட்டும் வழக்கம் பல பாடநூல்களில் இருக்கிறது. என் கருத்தில் அது வீண். நன்றி தெரிவிக்கும் நாளில் அமெரிக்கர் எந்தப் பறவையைச் சமைப்பார் என்று அறிந்திருப்பவர், அந்த அமெரிக்கரோடு ஓர் அறையில் தங்க நேர்ந்தால் அந்த அறிவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

வேற்றுமை வகுப்பறைக்குள்ளேயே இருக்கிறது, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஹார்பினிலிருந்து வந்தவரும் குவாங்சோவிலிருந்து வந்தவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருப்பார்கள். ஒருவருக்குக் குளிர்காலம் என்றால் வீடு முழுக்கக் குழாய்வழி வரும் வெப்பம். சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் தெற்கே பிறந்த மற்றவருக்கு வீட்டுக்குள்ளும் கம்பளிச் சட்டை. டிசம்பரில் வரும் குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளில் வடக்கே மாவுக் கொழுக்கட்டை, தெற்கே பல இடங்களில் இனிப்பான அரிசி உருண்டை. மிருதுவான சோயாக் கட்டியை உப்புக் குழம்போடு உண்பதா, சர்க்கரைப் பாகோடு உண்பதா என்று கேட்டுவிட்டு ஆசிரியர் ஜன்னலோரம் போய் நின்றுகொள்ளலாம். அதற்குள் வகுப்பு இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரே நாட்டவர் என்று எண்ணிக்கொண்டிருந்த தோழியின் வீட்டு வழக்கம் தனக்குத் தெரியவில்லை என்று கண்டுகொள்ளும் மாணவருக்கு, அயல்நாட்டாரைப் பற்றிப் பேசும்போது ஒரு நிதானம் வருகிறது.

இந்த இடத்தில் ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது. ‘வி சைனீஸ்’ என்றும் ‘வெஸ்டர்ன் பீப்பிள்’ என்றும் தொடங்கும் வாக்கியங்களுக்கு வகுப்பில் இடமில்லை. சீனர் கூச்சமுள்ளவர்கள், மேலை நாட்டவர் வெளிப்படையானவர்கள் என்ற வாக்கியத்தைப் பள்ளியிலிருந்தே எழுதிப் பழகியிருக்கிறார்கள். அதைச் சொன்ன பிறகு பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதற்குப் பதிலாக ‘என் பாட்டி’ என்றோ ‘எங்கள் விடுதி அறையில்’ என்றோ தொடங்கச் சொல்ல வேண்டும். இந்த விதி ஆசிரியருக்கும் பொருந்தும். இந்தியர் எல்லோரும் கையால் உண்பார்களா என்ற கேள்வி கட்டாயம் வரும். ‘எங்கள் வீட்டில்’ என்று தொடங்கி விடை சொல்லிக் காட்டினால் அதுவே முன்மாதிரி ஆகும்.

அடுத்த கட்டமாக, சொற்கள் சரியாக இருந்தும் பொருள் பிசகும் சிறு காட்சிகளை நடிக்க வைக்கலாம். நான் வழக்கமாகத் தொடங்கும் காட்சி இது. சீன மாணவி ஒருவர் ஆங்கிலேயர் வீட்டுக்குப் போகிறார். தேநீர் வேண்டுமா என்று கேட்கிறார்கள். அவர் மரியாதைக்காக வேண்டாம் என்கிறார். சரி என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு மணி நேரம் அவர் தொண்டை வறண்டு உட்கார்ந்திருக்கிறார். முதலில் இதை அப்படியே நடிக்கச் சொல்ல வேண்டும். பிறகு இரு பக்கத்தினரையும் தனித்தனியே கேட்க வேண்டும்: நீங்கள் என்ன நினைத்தீர்கள்? விருந்தாளி, இரண்டாவது முறை கேட்பார்கள் என்று காத்திருந்ததாகச் சொல்வார். வீட்டுக்காரராக நடித்தவர், வேண்டாம் என்பவரை வற்புறுத்துவது அவருடைய விருப்பத்தை மதிக்காமல் இருப்பதாகும் என்று சொல்ல வேண்டும். ஆனால் அந்த விடை உடனே வராது, அந்த மாணவரும் சீனர்தானே. மூன்று நான்கு கேள்விகளுக்குப் பிறகு வரும். யார் செய்தது சரி என்ற தீர்ப்பை மட்டும் எவரும் கேட்கக் கூடாது. இரு தரப்பிலும் நல்லெண்ணத்தோடு கூடிய விளக்கம் ஒன்றாவது கிடைத்த பின்புதான், விருந்தாளி வேறு எந்தச் சொற்களைச் சொல்லியிருக்கலாம் என்று ஆங்கிலத்தைக் கற்பிக்க வேண்டும்.

அக்கறையைக் காட்டும் சொற்கள் இன்னும் நுட்பமானவை. உங்களுக்குச் சளி பிடித்தால் மாணவர்கள் ‘நிறைய வெந்நீர் குடிக்க வேண்டும்’, ‘இன்னும் துணி போட்டுக்கொள்ள வேண்டும்’ என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். சீனத்தில் அது பரிவு. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் காதில் அதிகாரமாக விழும். விடைபெறும்போது ‘மெதுவாகப் போங்கள்’ என்று பொருள்படும் ‘மான்சோ’ நம்முடைய ‘பார்த்துப் போங்கள்’ என்பதேதான். அதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்தால் கேட்பவர் குழம்புவார். ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்பது குசலம் விசாரிப்பதே அன்றி விருந்துக்கு அழைப்பது அன்று என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பாராட்டினால் ‘நாலி, நாலி’, அதாவது ‘எங்கே, எங்கே’, என்று மறுப்பதும், ‘ஆலோசிக்கலாம்’ என்பதை இல்லை என்பதற்குப் பதிலாகச் சொல்வதும் இவ்வகையே. நாம் ‘பார்க்கலாம்’ என்று சொல்லி எத்தனை பேரை அனுப்பி வைத்திருக்கிறோம். தமிழ் ஆசிரியர் இந்த இடத்தில் நடுவில் நிற்கிறார்: மாணவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதும் தெரியும், ஆங்கிலத்தில் அது எப்படிக் கேட்கும் என்பதும் தெரியும்.

உறவுமுறையைப் பற்றி ஒரு வார்த்தை. 1980 முதல் 2015 வரை நடைமுறையில் இருந்த ஒரு குழந்தைக் கொள்கையின் கீழ்ப் பிறந்த மாணவர்களில் பலருக்கு உடன்பிறந்தார் இல்லை; ஆனாலும் அக்கா, தம்பி என்று பேசுவார்கள். பெரியப்பா, சித்தி மக்களை அப்படி அழைப்பதுதான் அது. பொய் சொல்கிறார் என்று நினைத்துவிட்ட வெளிநாட்டு ஆசிரியர்கள் உண்டு. குடும்ப மரம் ஒன்றை வரைந்து, ஒவ்வொருவரையும் சீனத்தில் எப்படி அழைப்பார்கள், ஆங்கிலத்தில் அந்த வேறுபாடுகள் எங்கே தொலைகின்றன என்று பேச வைத்தால் ஒரு பாடவேளை போவதே தெரியாது.

தைவான், திபெத், 1989 ஜூன் தியானன்மென் சதுக்க நிகழ்வுகள் போன்றவற்றை வகுப்பு விவாதத்துக்கு எடுக்கக் கூடாது. ஆசிரியருக்கு வரும் தொல்லையைவிட, அங்கே வாய் திறந்த மாணவருக்கு வரக்கூடிய தொல்லை பெரிது. எல்லைத் தகராறு பற்றிய கேள்வி இந்தியரிடம் வரும். சுருக்கமாக, மரியாதையாக, அரசுகளின் காரியம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். சமயப் பிரசாரமும் கூடாது. பணி ஒப்பந்தங்களில் பெரும்பாலும் அது எழுதியே இருக்கும்.

வீட்டுப்பாடமும் தேர்வும்

வீசாட்டில் ஒரு குரல் செய்தி 60 நொடிக்கு மேல் போகாது. அந்த எல்லையே நல்ல வீட்டுப்பாடமாகிறது. வாரத்துக்கு ஒரு செய்தி, ஒரு நிமிடம், எழுதி வைத்துப் படிக்கக் கூடாது. நாற்பது மாணவர்கள் என்றால் கேட்பதற்கு நாற்பது நிமிடம். எழுதிப் படிப்பவரைக் கண்டுபிடிப்பது கடினம் அன்று, இடைவெளிகள் ஒரே சீராக இருக்கும். ஆனால் அவரைக் குற்றம் சாட்டுவதைவிட, அடுத்த வாரம் உணவுக்கூடத்துக்கு நடந்து போகும்போது பதிவு செய்யுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டால் போதும். தட்டுகளின் ஓசைக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு வரும் ஆங்கிலம் கேட்கவே இனிமையாக இருக்கிறது. வகுப்புக்கு வெளியே, 1970களின் இறுதியில் ஷாங்காய் மக்கள் பூங்காவில் தொடங்கிய ‘இங்கிலீஷ் கார்னர்’ வழக்கம் பல பல்கலைக்கழகங்களில் வாரம் ஒரு மாலை நடக்கிறது. ஆசிரியர் அங்கே போனால் ஐம்பது பேர் சூழ்ந்துகொள்வார்கள், ஒருவரும் தமக்குள் பேச மாட்டார்கள். கால் மணி நேரம் இருந்துவிட்டு நகர்ந்துவிடுவது நல்லது.

பருவ இறுதித் தேர்வை இருவர் இருவராக நடத்துங்கள். யாரோடு யார் என்பதைச் சீட்டு முடிவு செய்யட்டும். நெருங்கிய அறைத்தோழர்கள் ஒன்றாக வந்தால் ஒப்பித்து வைத்த நாடகம்தான் கிடைக்கும். ஓர் இணைக்கு ஐந்து நிமிடம் என்றால் நாற்பது பேருக்கு நூறு நிமிடம், இடைவெளிகளோடு சேர்த்து இரண்டு வாரங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நூறுக்கு 60 தேர்ச்சி. உதவித்தொகையும், நுழைவுத் தேர்வின்றி முதுகலைக்குப் பரிந்துரைக்கப்படும் வாய்ப்பும் சராசரி மதிப்பெண்ணைச் சார்ந்திருப்பதால், 84க்கும் 86க்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை முதல் வாரத்திலேயே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். அதில் நான் இலக்கணத்துக்கு வைப்பதைவிட அதிகமான பங்கை ஒரே ஒரு திறமைக்கு வைக்கிறேன்: எதிரில் இருப்பவர் சொன்னதைக் கேட்டு, அதிலிருந்து ஒரு கேள்வியை எழுப்புவது. இதை முன்கூட்டியே அறிவித்துவிட்ட பருவங்களில், தேர்வறைக்கு வெளியே காத்திருப்பவர்கள் தாளை வைத்துக்கொண்டு முணுமுணுப்பதை விட்டுவிட்டு, ஒருவரை ஒருவர் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.